இரண்டு ஒக்டோபர் முப்பதுகள்

யாழ்ப்பாணத்தின் அண்மைக்கால வரலாற்றில் ஒக்டோபர் 30 இரண்டு தடவை வருகிறது. 1990இல் அந்த நாளில் நகரத்து முஸ்லிம்கள் அத்தனை பேரும் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு விரட்டப்பட்டார்கள். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995இல் அதே நாளில், வலிகாமத்துத் தமிழர்கள் ஏறத்தாழ முழுப்பேரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கொட்டும் மழையில் தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். இரண்டு தடவையும் தெருத்தெருவாகப் போனது ஒலிபெருக்கி. இரண்டு தடவையும் கட்டளை ஒரே இடத்திலிருந்து, தமிழீழ விடுதலைப் புலிகளிடமிருந்து வந்தது. ஆனால் முதல் ஒக்டோபரை, விரட்டப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த புத்தளத்திலும் இரண்டாவதை யாழ்ப்பாணத்திலும் தனித்தனியாகவே நினைவுகூருகிறார்கள். அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த இரண்டு சமூகங்கள், ஒன்றின் இழப்பை மற்றது கணக்கில் சேர்க்காமலே முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டன.

முதல் ஒக்டோபரில் போனவர்கள் நேற்று வந்து குடியேறியவர்கள் அல்லர். யாழ் நகரின் சோனகத் தெருவும் ஐந்து சந்தியும் தலைமுறை தலைமுறையாக முஸ்லிம்கள் வாழ்ந்த இடங்கள். முகியித்தீன் புராணம் பாடிய பதுறுத்தீன் புலவர் இந்த மண்ணைச் சேர்ந்தவர். இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ் 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர். 1955இல் தமிழர்கள் பெரும்பான்மையாக இருந்த மாநகர சபையில் எம். எம். சுல்தான் முதல்வராக இருந்தார். இரும்புக் கடை, லொறிப் போக்குவரத்து, தையல், நகை, இறைச்சிக் கடை என்று நகரத்தின் வியாபாரத்தில் அவர்களுக்கென்று ஓர் இடம் இருந்தது. பேசியது தமிழ், ஒஸ்மானியாக் கல்லூரியில் பிள்ளைகள் படித்ததும் தமிழில்தான்.

மன்னாரின் நிலை வேறு. அங்கே 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நால்வரில் ஒருவருக்கு மேல் முஸ்லிம். எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்று கடலையும் வயலையும் நம்பிய முஸ்லிம் ஊர்களே இருந்தன. கடைக்காரனுக்குக் கடை போனால் வேறு ஊரில் ஒரு தட்டிக்கடையாவது போடலாம். வயலும் வள்ளமும் வைத்திருந்தவனுக்கு அந்த வழியும் இல்லை. பின்னாளில் மன்னார்க்காரர் யாழ்ப்பாணத்தாரைவிட அதிக வேகத்தோடு ஊர் திரும்ப முயன்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

1990இன் விதையைத் தேடினால் வடக்கைவிடக் கிழக்கையே அதிகம் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் இந்திய அமைதிப்படை கப்பலேறியது. ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே இரண்டாம் ஈழப்போர் வெடித்தது. கிழக்கில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி அடுக்கியதுபோல் அமைந்தவை. போர் வந்ததும் ஒவ்வோர் எல்லையும் காயமாயிற்று. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் நின்றவர்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த வாரமே ஏறாவூரில் இன்னும் 100க்கும் அதிகமானோர். புலிகள் மறுத்தாலும் பழி அவர்கள் மீதே விழுந்தது, விழ வேண்டிய இடமும் அதுதான். மறுபக்கத்தில் அரசு முஸ்லிம் இளைஞர்களுக்கு ஊர்காவல் படை என்று துப்பாக்கி கொடுத்தது. ஓகஸ்ட் 12ஆம் திகதி வீரமுனையில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டதில் அந்தப் படையினருக்கும் பங்கு இருந்தது. கிழக்கு முழுக்க ஒரு கொலைக்கு அடுத்த கொலை பதிலாயிற்று.

இதற்கு முன்பே அரசியல் உரசலும் தொடங்கியிருந்தது. எம். எச். எம். அஷ்ரஃபின் முஸ்லிம் காங்கிரஸ் 1988இல் வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் இறங்கி எதிர்க்கட்சியானது. தமிழ் பேசும் மக்கள் என்ற ஒரே குடைக்குள் முஸ்லிம்களையும் வைத்துப் பேசிய தமிழ்த் தேசியத்துக்கு இது உறுத்தியது. தனியாக ஓர் அரசியல் கேட்பவர்கள் நாளை யார் பக்கம் நிற்பார்கள் என்ற சந்தேகம் புலிகள் இயக்கத்துக்குள் வளர்ந்தது. சந்தேகத்துக்குத் துப்பாக்கி கிடைத்தால் என்ன ஆகும் என்பதை ஒக்டோபர் காட்டியது. வடக்கில் முஸ்லிம் ஆயுதக்குழு ஒன்று இருக்கவில்லை. கிழக்கைப்போல எல்லைச் சண்டையும் இல்லை. கிழக்கின் கணக்கு வடக்கில் தீர்க்கப்பட்டது.

அது ஒரே நாளில் நடந்துவிடவும் இல்லை. ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் தொடங்கி, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் என்று மாவட்டம் மாவட்டமாகப் பரவி, மாதக் கடைசியில் யாழ் நகரை வந்தடைந்தது. அரசின் பிடியில் இருந்த வவுனியா நகரப் பகுதி நீங்கலாக, வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் இரண்டு வாரத்துக்குள் அகற்றப்பட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30 காலை ஒலிபெருக்கி வீட்டுக்கு ஓர் ஆளை ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னது. ஏதோ கூட்டம் என்று போனவர்களுக்கு இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லப்பட்டது. எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இல்லை. ஆயுதம் தாங்கிய பொடியன்கள் சந்திகளில் வரிசை கட்டி நின்று, போகிறவர்களின் பையைச் சோதித்தார்கள். உடுபுடவையோடு கொஞ்சப் பணம் எடுத்துப்போகலாம். அந்தத் தொகை ஊருக்கு ஊர் மாறியது, யாழ் நகரத்தில் அது சில நூறு ரூபாயைத் தாண்டவில்லை. மிச்சப் பணம், நகை, காணி உறுதி எல்லாம் சோதனைச் சாவடியிலேயே நின்றன. பெண்களின் காதுத் தோடுகூட விடப்படவில்லை. வசதியான வர்த்தகர்கள் சிலர் தடுத்து வைக்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை.

மன்னார்த் தீவில் தமிழர்களும் கத்தோலிக்க மதகுருமாரும் புலிகளிடம் பரிந்து பேசிப் பார்த்தார்கள். முடிவு மாறவில்லை. எருக்கலம்பிட்டி மக்கள் ஐப்பசி மழையில் கடற்கரையில் காத்துக் கிடந்து, கிடைத்த வள்ளங்களில் ஏறிக் கல்பிட்டிக்குப் போனார்கள். மற்ற ஊர்க்காரர்கள் காட்டுப் பாதையில் நடந்தார்கள். அக்கம்பக்கத்துத் தமிழர்கள் பலர் அழுதார்கள், சிலர் சாமானைப் பொறுப்பெடுத்து வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். வெளிப்படையாக எதிர்த்துப் பேசக்கூடிய குரல்கள் அதற்குள் பெரும்பாலும் அடக்கப்பட்டிருந்தன. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம அதற்கு முந்தைய ஆண்டே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவருடைய தோழர்கள் தலைமறைவிலிருந்து எழுதிய அறிக்கைகளில்தான் இந்த வெளியேற்றம் தமிழர் தரப்பில் முதலில் விரிவாகப் பதிவாயிற்று.

புத்தளம் அவர்களை ஏற்றுக்கொண்டது. உள்ளூர் முஸ்லிம்கள் பள்ளிவாசலையும் பாடசாலையையும் திறந்துவிட்டு, அண்டாவில் சோறாக்கிப் போட்டார்கள். அந்த முதல் மாதங்களின் பெருந்தன்மையைப் பற்றி இன்றும் இரு தரப்பும் பேசும். ஆனால் வறண்ட மாவட்டம் அது. கல்பிட்டிப் பக்கத்துத் தண்ணீரில் உப்பு. ஆலங்குடாவிலும் தில்லையடியிலும் கிடுகு வேய்ந்த கொட்டில்கள் முளைத்தன. உலர் உணவு நிவாரணத்துக்கு மாதாமாதம் வரிசை நின்றது. நேற்றுவரை சொந்த வயல் உழுதவர்கள் வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் கூலிக்குப் போனார்கள். கூலிக்கு ஆள் பெருகியதும் கூலி இறங்கியது. கூலி இறங்கியதும் உள்ளூர்த் தொழிலாளி முகம் சுளித்தான். பாடசாலையில் இடம், ஆஸ்பத்திரியில் வரிசை, கிணற்றில் வாளி என்று ஒவ்வொன்றிலும் ஊரார், அகதிகள் என்ற கோடு விழுந்தது. வாக்காளர் பதிவு இன்னொரு சிக்கல். புத்தளத்தில் பதிந்தால் சொந்த ஊரில் உரிமை போய்விடும் என்ற பயம்; பதியாவிட்டால் வாழும் ஊரில் எந்த அரசியல்வாதியும் திரும்பிப் பார்க்கமாட்டான்.

வடக்கில் அவர்கள் விட்டுவந்த வீடுகள் சும்மா கிடக்கவில்லை. முதலில் சாமான்கள் போயின. இயக்கத்தின் மக்கள் கடைகளில் அவை விலைக்கு வந்தன. பிறகு கதவு, நிலை, ஓடு, தீராந்தி. மிஞ்சிய வீடுகளில் வேறு மனிதர்கள் குடியேறினார்கள். அந்த வேறு மனிதர்கள் யார் என்று பார்த்தால், தீவகத்திலிருந்தும் வலிகாமம் வடக்கிலிருந்தும் இராணுவத்தின் ஷெல்லுக்குத் தப்பி ஓடிவந்த தமிழர்களும் அவர்களில் இருந்தார்கள். பலாலி விமானத்தளத்தைச் சுற்றியிருந்த மயிலிட்டி, தையிட்டி, காங்கேசன்துறை ஊர்கள் 1990 ஜூனிலிருந்தே காலியாகத் தொடங்கியிருந்தன. பத்து நாளில் திரும்பலாம் என்று வந்தவர்கள் அவர்கள். ஒரு வன்முறையில் வீடிழந்தவர் இன்னொரு வன்முறையில் காலியான வீட்டில் அடுப்பு மூட்டினார்.

1995க்கு வருவோம்.

அந்த ஆண்டு ஏப்ரலில் புலிகள் சந்திரிகா அரசுடன் நடத்திய பேச்சுவார்த்தை முறிந்தது. ஜூலை 9ஆம் திகதி, விமானக் குண்டுவீச்சுக்குப் பயந்து நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் கூடியிருந்தவர்கள் மீதே குண்டு விழுந்தது; 100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். செப்டெம்பரில் நாகர்கோவில் பாடசாலையில் குண்டு விழுந்து பிள்ளைகள் இறந்தார்கள். ஒக்டோபர் 17ஆம் திகதி ‘ரிவிரெச’ என்ற சூரியக்கதிர் நடவடிக்கை தொடங்கியது. இராணுவம் நீர்வேலிப் பக்கம் நெருங்கி வந்தது. மக்களுக்கு இராணுவத்தின் மீது இருந்த பயம் யாரும் ஊட்டித் தெரியவேண்டிய பயமல்ல. அந்தப் பயத்தின் மீதுதான் ஒக்டோபர் 30 மாலை ஒலிபெருக்கி ஏறி நின்றது: வலிகாமத்தைவிட்டு எல்லோரும் உடனே வெளியேறுங்கள்.

இயக்கத்துக்கு இதில் தெளிவான கணக்கு இருந்தது. இராணுவம் பிடிக்கும் நகரத்தில் மக்கள் இருந்தால், அரசு மக்களையும் மீட்டுவிட்டதாகச் சொல்லும். மக்கள் இல்லாத நகரத்தில் வெறும் சுவர்தான் மிஞ்சும். அதோடு மக்கள் போகும் இடத்துக்குத்தான் வரியும் போகும், போராட்டத்துக்கு ஆளும் போகும்.

வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு அன்று இரண்டே வழிகள். செம்மணி வெளியூடாக நாவற்குழிப் பாலம். மற்றது கோப்பாய்–கைதடி வீதி. இரண்டும் கடலேரிக்கு நடுவே போகும் ஒடுக்கமான பாதைகள். அதில் ஓர் இரவுக்குள் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் இறங்கினார்கள். யாழ் நகரிலிருந்து சாவகச்சேரி பத்து மைல். சைக்கிளில் ஒரு மணி நேரப் பாதை. அன்று அதைக் கடக்கச் சிலருக்கு விடியும்வரை ஆனது, சிலருக்கு மறுநாள் பகலும் போனது. சைக்கிள் கரியரில் அரிசி மூட்டை, அதன் மேல் தையல் மெசின், ஹாண்டிலில் பிள்ளை. வயோதிபரைக் கதிரையில் வைத்துத் தூக்கியவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர் என்பதால் குடிக்க இருந்தது மழைத்தண்ணீர் மட்டும். நெரிசலில் பிள்ளைகள் தவறினார்கள். நடக்கமாட்டாத முதியவர்கள் சிலரின் உயிர் வழியிலேயே போனது. டிசம்பர் 5ஆம் திகதி பிரதிப் பாதுகாப்பு அமைச்சர் அனுருத்த ரத்வத்த யாழ்ப்பாணத்தில் சிங்கக் கொடி ஏற்றியபோது, அதைப் பார்க்க நகரத்தில் சனம் இல்லை.

அடுத்த ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சிக்குள்ளும் வந்தது. பெரும்பகுதி மக்கள் இந்த முறை இயக்கத்தின் பேச்சைக் கேட்காமல் வலிகாமத்துக்கே திரும்பினார்கள். மற்றவர்கள் கிளாலிக் கடலேரியைத் தாண்டி வன்னிக்குப் போனார்கள். அந்த ஒரு முடிவு குடும்பங்களின் விதியைப் பிரித்தது. திரும்பியவர்கள் இராணுவச் சோதனைச் சாவடிகளுக்கும் ஆள் காணாமற்போதலுக்கும் நடுவே சொந்தக் கூரையின் கீழ் வாழ்ந்தார்கள். வன்னிக்குப் போனவர்களில் பலர் ஊர் ஊராகப் பெயர்ந்து, 2009இல் முள்ளிவாய்க்கால்வரை போனார்கள். தப்பியவர்கள் மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் அடைபட்டார்கள்.

இரண்டு வெளியேற்றங்களையும் ஒன்றென்று சொல்ல முடியாது. 1995இல் போனவர்கள் ஆறு மாதத்தில் திரும்பும் வழி கிடைத்தவர்கள். இன அடையாளத்துக்காகக் குறிவைக்கப்பட்டவர்களும் அல்லர். 1990இல் போனவர்கள் முஸ்லிம் என்ற ஒன்றுக்காகவே துரத்தப்பட்டவர்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு அவர்கள் திரும்பும் பேச்சே பெரிதாக எழவில்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் புலிகள் பழையதை மறப்போம் என்ற தொனியில் பேசினார்கள். சில நாளில் புலிகளின் தலைவர் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் முஸ்லிம்கள் மீள்குடியேற இசைந்து ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். பழுதான வீட்டைப் பார்த்துவிட்டு வரப் பலர் போனார்கள். தங்கியவர்கள் கொஞ்சம். 2006இல் மறுபடி போர்.

போர் முடிந்த பிறகுதான் திரும்புதலின் உண்மையான கஷ்டம் வெளியே தெரிந்தது. வெளியேற்ற ஓர் ஒலிபெருக்கி போதுமாக இருந்தது. திரும்புவதற்குக் கிராம அலுவலர் கடிதம், குடும்ப அட்டை, காணி உறுதி, வாக்காளர் பதிவு, வனத்திணைக்கள அனுமதி எல்லாம் வேண்டியிருந்தன. அரசு இடம்பெயர்ந்தோரைப் பழையவர், புதியவர் என்று இரண்டாகப் பிரித்தது. 2008 ஏப்ரலுக்குப் பின் பெயர்ந்த வன்னி மக்கள் புதியவர்கள். உதவியில் முன்னுரிமை அவர்களுக்கு. 1990இன் முஸ்லிம்களும் வலிகாமம் வடக்குத் தமிழர்களும் பழையவர்கள். மெனிக் பாமிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்களின் தேவை உடனடியானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இருபது ஆண்டு காத்திருந்ததே ஒருவரைப் பின்வரிசைக்குத் தள்ளும் தகுதியாகிவிட்டது. 5,50,000 ரூபாய் தந்த இந்திய வீட்டுத் திட்டத்திலும் நிரந்தரமாக வந்து குடியிருப்பதற்குத்தான் புள்ளி. வீடு இல்லாததால் குடியிருக்க முடியவில்லை, குடியிருக்காததால் வீடு இல்லை என்று சோனகத் தெருவுக்குத் திரும்ப நினைத்தவர்கள் வட்டத்துக்குள் சுற்றினார்கள்.

இதோடு வாரிசுக் கணக்கு சேர்ந்தது. 1990இல் பத்து வயதுப் பையனாக வள்ளத்தில் ஏறியவர் 2010இல் முப்பது வயதுக் குடும்பஸ்தர். அன்று ஒரு வீடு இருந்த இடத்தில் இன்று நான்கைந்து குடும்பங்களுக்குப் பங்கு. யாழ் நகரின் ஒடுங்கிய வளவை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு ஓர் அறை தேறாது. விற்றுக் காசைப் பங்கிட்டவர்கள் அதிகம். மன்னாரின் முசலிப் பக்கம் பலருடைய கையில் இருந்தது உறுதி அல்ல, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம். அந்தக் காணியை நினைத்தபடி துண்டாட முடியாது. கூடவே காடு வந்தது. இருபது ஆண்டு மனிதர் படாத ஊரில் மரம் வளர்ந்தது. 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்துக் காணிகள் ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. திரும்பியவர்கள் வில்பத்துக் காட்டை அழிப்பவர்கள் என்று கொழும்பில் பிரசாரம் கிளம்பியது. மீள்குடியேற்றத்தில் காடழிந்தது உண்மையா, அரசியல்வாதிகள் அளவுக்கு மீறிப் போனார்களா என்பவை நியாயமான கேள்விகள்; 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாறுக் காட்டுப் பகுதியில் மரம் நடும் செலவை முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீன் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்த விவாதம் முழுக்க, அங்கே காடு வளர்ந்தது ஏன் என்ற கேள்வி காணாமற்போயிருந்தது.

தமிழர் தரப்பின் தயக்கமும் சொல்லப்பட வேண்டியது. வடக்கு நிர்வாகத்தில் பெரும்பாலான நாற்காலிகள் தமிழர்களுடையவை. திரும்பிய முஸ்லிம்களின் கோப்புகள் அங்கே மெல்ல நகர்ந்தன என்பது அவர்களின் நீண்டகாலக் குற்றச்சாட்டு. சட்டம் மற்றும் சமூக அறக்கட்டளை அமைத்த குடிமக்கள் ஆணைக்குழு ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் எடுத்து, 2011இல் வெளியேற்றத்தின் கதையை விரிவாக எழுதியது. நடந்தது இனச்சுத்திகரிப்பு என்று வெளிப்படையாகச் சொன்ன தமிழ்க் குரல்களும் உண்டு. அப்படிச் சொன்னவர்கள் சொந்தச் சனத்திடமே ஏச்சும் வாங்கினார்கள்.

வலிகாமம் வடக்கில் மறுபக்கக் கதை ஓடியது. 2013இல் அரசு அங்கே படையினர் வைத்திருந்த 6,000க்கும் அதிகமான ஏக்கரைச் சுவீகரிக்கப்போவதாக அறிவித்தல் ஒட்டியது. காணிச் சொந்தக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2015க்குப் பின் துண்டு துண்டாகக் காணி விடுபட்டது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் திறந்தது. இருபத்தேழு ஆண்டு கழித்துப் போனவர்கள் சிலருக்குத் தங்கள் வளவின் எல்லையைக் கிணற்றை வைத்துத்தான் அடையாளம் காண முடிந்தது. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்கூட இல்லை.

இலங்கையில் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, ஒருவர் காணியை இன்னொருவர் பத்து ஆண்டு தடையின்றி ஆண்டால் ஆண்டவருக்கே அது சொந்தமாகலாம். விரட்டப்பட்டவருக்கு இந்தச் சட்டம் இரண்டாவது விரட்டல். அதைத் திருத்தத்தான் 2016இல் சிறப்பு ஏற்பாடுகள் சட்டம் வந்தது: 1983 மே முதல் 2009 மே வரை தீவிரவாத ஆயுதக் குழுக்களின் செயல்களால் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்கு எதிராக அந்தப் பத்து ஆண்டு ஓடாது. 1990இன் முஸ்லிம்களுக்கு இது தாமதமாக வந்த நியாயம். ஆனால் அந்தச் சட்டம் காணி இழப்புக்கு ஒரே ஒரு காரணத்தைத்தான் அறிகிறது. படையினர் வேலி போட்ட காணி அதன் கண்ணுக்குள் வரவில்லை.

முசலிக் கரையில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும். சிலாவத்துறையில் 1990இல் புலிகள் துரத்திய முஸ்லிம்கள் போர் முடிந்து திரும்பியபோது, அவர்களுடைய வளவுகளில் கடற்படை முகாம் நின்றது. அதே கரையில் முள்ளிக்குளம் கத்தோலிக்கத் தமிழர்களின் ஊர். 2007இல் படையினர் அவர்களை வெளியேற்றினார்கள், பிறகு அங்கேயும் கடற்படை. 2017இல் முள்ளிக்குளத்து மக்கள் வாரக்கணக்கில் வீதியோரத்தில் உட்கார்ந்து போராடியபோது, 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை ஒப்புக்கொண்டது. வீடுகள் நின்ற பகுதிக்கு, முகாமுக்கு மாற்றிடம் கிடைத்த பிறகு என்று தவணை சொன்னது. சிலாவத்துறைக்காரர்களும் பின்னர் தங்கள் பங்குக்குப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். இரண்டு ஊர்களையும் காலி செய்தவர்கள் வேறு வேறு. திரும்பக் கேட்கவேண்டிய காணியை வைத்திருப்பது ஒரே கடற்படை, போகவேண்டிய பிரதேச செயலகமும் ஒன்றே. ஆனாலும் இரு ஊர்களின் மனுக்களும் இன்னும் தனித்தனியாகவே போகின்றன.